வாரி நிக்குதா?

ஹாரோ கோவ், லாப்ரடார்
பிப்ரவரி 20, திங்கள் காலை

அன்பு மகள் டல்சிக்கு,

நீ அங்கே ஆல்பர்ட்டாவில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நீயும் வேளைக்கு ஒரு வாய் சாப்பிடுகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த வார்த்தை வரமாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எண்ணை அழுத்தினேன். நீ எடுத்து "என்னப்பா?" என்றதும் மீன், படகு, வானிலை என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். இதைத் தொழிலாளர் முகாம் சமையல்கூடத்தில் நின்றுகொண்டு படிக்காதே அம்மா. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

முதலில் வீட்டுச் சேதி. நாங்கள் இருந்த வருஷங்களில் இப்படி ஒரு பனி பெய்ததில்லை. மூன்று நாளில் என் தலைக்கு மேல் ஏறிவிட்டது, காற்று குவித்த இடங்களில் கூரையைத் தொட்டது. சமையலறை ஜன்னலில் இன்னும் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது, அம்மா பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். படகுக் கொட்டகையின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது, உள்ளே படகு என்ன ஆனதென்று மே மாதம்தான் தெரியும். புயல் விட்ட அன்று மாடி ஜன்னல் வழியாகத்தான் வெளியே இறங்கினோம். உன் அம்மா பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு, "பிடிச்சு இழுக்காம அங்க நின்னு என்ன வேடிக்கை, நாப்பது வருஷமா பார்த்த மூஞ்சிதானே" என்று கத்தினாள். சிரித்தேன். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கார்லண்ட் செத்துப்போன சேதி வந்தது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

உன் ஞானத்தந்தை கார்லண்ட் எப்படிச் செத்தான் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். எண்ணெய் அடுப்பின் புகைக்குழாய் வாய் பனியில் அடைத்துப்போய், விஷக்காற்று வீட்டுக்குள்ளேயே சுற்றி, நாற்காலியில் உட்கார்ந்தவாறே போய்விட்டான் என்று. அது உண்மை. பனிக்காவலுக்கு இருந்த, உன்னோடு படித்த வெர்னா திங்கட்கிழமை அவன் வீட்டுப் பக்கமே போகாமல், போனதாகப் பொய் எழுதினாள் என்றும் சொல்லியிருப்பார்கள். அது பொய். அதைத்தான் எழுத வந்தேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், ஆனாலும் நீ போய் ஒன்பது வருஷமாகிறது, நானே ஒழுங்காக நினைத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். காலையில் வாசலைத் தோண்டி முடித்ததும் பனியை அள்ளிய அந்தப் பனிவாரியைக் கதவுக்கு வலப்பக்கம், புதிதாக விழுந்த பனியின் மேல், கைப்பிடி வானத்தைப் பார்க்க நட்டு வைப்போம். வாரி புதுப்பனியில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் எழுந்துவிட்டார்கள், ஒரு குறையும் இல்லை, வந்து தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அர்த்தம். வாரி மூழ்கிக் கிடந்தால் கதவை உடைத்தாவது உள்ளே போக வேண்டும். கடையில் பார்த்தால்கூட "என்ன, வாரி நிக்குதா?" என்றுதான் குசலம் விசாரிப்போம். புயல் நாளில் பனிக்காவலுக்கு இருப்பவர் பனிவண்டியில் வீடு வீடாகப் போய் வாரியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவார். இரண்டு வருஷமாக அந்த வேலை வெர்னாவுடையது. வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் அவள் தலையில் கட்டினோம்.

அவள் அதை எங்களைப்போல் விளையாட்டாகச் செய்யவில்லை. அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடுவாள். மாவு எத்தனை மூட்டை, குடிதண்ணீர் எத்தனை குடம், யார் வீட்டில் மருந்து எத்தனை நாளைக்கு வரும் என்று ஒரு பட்டியல். குழாய் வாய் தெரிய சிவப்புக் கம்பு நட வேண்டும் என்று ஒரு பட்டியல். நாங்கள் அவளைப் பட்டியல் ராணி என்று கூப்பிட்டோம். விஷக்காற்று வந்தால் கத்துகிற கருவியை வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து அவளே சுவரில் அடித்துக் கொடுத்தாள். கார்லண்ட் மறுநாளே அதிலிருந்த பேட்டரியைக் கழற்றி ரேடியோவுக்குப் போட்டுக்கொண்டான். சிவப்புக் கம்புக்கு, "ஏம்மா, என் வீடென்ன துறைமுகமா, கொடிக்கம்பம் நடறதுக்கு?" என்றான்.

அந்த மாதமே தேவாலயக் கூடத்தில் கூட்டம். வெர்னா எழுந்து நின்று, "வாரிய மட்டும் பார்த்துட்டுப் போறது இனிமே பத்தாது. இப்ப ஊர்ல முக்கால்வாசிப் பேர் வயசானவங்க. நான் ஒவ்வொரு கதவையும் தட்டி, உள்ள இருந்து குரல் கேட்ட பிறகுதான் நகருவேன்" என்றாள். நான் இருக்கிறேனே, சும்மா இருக்க மாட்டேனே. "நீ தட்டினா நாங்க டீ போடணும், டீ போட்டா நீ உக்காருவ, உக்காந்தா உன் பட்டியல எடுப்ப, ஆளை விடு தாயே" என்றேன். கூடமே அதிர்ந்தது. பக்கத்தில் கார்லண்ட், "வாரி நிக்கிற வீட்டுக் கதவைத் தட்டறது, உயிரோட இருக்கிறவன் கழுத்துல மலர்வளையம் போடற மாதிரி" என்று எடுத்துக்கொடுத்தான். இன்னும் சிரிப்பு. கை தூக்கச் சொன்னபோது அவள் பக்கம் ஆறு கைதான். அவள் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள்தான் அவளைத் தட்டக்கூடாது என்று சொன்னோம் டல்சி. இன்றைக்கு அதே வாய்கள்தான் ஏன் தட்டவில்லை என்று கேட்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றிச் சுற்றி வருகிறேன் பார். புயல் பிடித்தது பிப்ரவரி நாலு, சனிக்கிழமை. அன்று மத்தியானம் கார்லண்ட் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். அவன் தோற்கிற நாளில் வாய் நீளும், தெரியுமே. "உன் மக இனிமே வரமாட்டாடா, அவ ஆல்பர்ட்டாக்காரியாயிட்டா, நீ வருஷா வருஷம் அவ கட்டிலுக்கு விரிப்பு மாத்திக்கிட்டே இரு" என்றான். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். முப்பத்தெட்டு வருஷம் ஒரே படகில் வலை இழுத்தவன் சொன்னதால் சுருக்கென்று தைத்தது. சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் பின்னாலிருந்து, "டேய் ஹேவர்ட், தொப்பிய விட்டுட்டுப் போறடா" என்று கூப்பிட்டான். திரும்பவில்லை. தொப்பி இல்லாமலே அந்தக் காற்றில் வீட்டுக்கு வந்தேன். அதுதான் நான் அவன் குரலைக் கடைசியாகக் கேட்டது.

ஞாயிறு முழுக்கக் கண் திறக்க முடியாத பனி. திங்கள் விடிந்ததும் இரண்டு மணி நேரம் ஓய்ந்தது. நம் வாசலைத் தோண்டினேன். பிறகு அவன் வாசல் ஞாபகம் வந்தது. இடுப்பு போனவன், எண்பதை நெருங்குகிறவன், தனியாள். கோபம் கோபந்தான், ஆனால் விட்டுவிட முடியுமா? போனேன். முக்கால் மணி நேரம் தோண்டினேன். தோண்டும்போது என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? இவன் எழுந்து கதவைத் திறந்து பார்க்கட்டும், வாசல் பளிச்சென்று இருக்கட்டும், யார் செய்தது என்று தெரிந்து வெட்கப்படட்டும் என்று. அதனால் கதவைத் தட்டவில்லை. தட்டினால் உள்ளே கூப்பிடுவான், டீ கொடுப்பான், ஒரு கேலி பேசுவான், நானும் சிரித்துத் தொலைப்பேன், சமாதானமாகிவிடும். அன்றைக்கு எனக்குச் சமாதானம் வேண்டாமாக இருந்தது. தோண்டி முடித்ததும் வாரியைக் கதவுக்கு வலப்பக்கம் புதுப்பனியில் ஓங்கி நட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐம்பது அறுபது வருஷப் பழக்கம். அது என் வீட்டு வாசல் இல்லை என்று என் கைக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு வெர்னா வந்தாள். வாசல் தோண்டியிருக்கிறது, வாரி நிற்கிறது. யாருடைய வாரி என்று கவனிக்காமல், வண்டியிலிருந்தே குறித்துக்கொண்டாள். போய்விட்டாள். பத்து மணிக்குள் புயல் மறுபடி பிடித்துக்கொண்டது. செவ்வாய்க் காலையில் வந்தபோது வாரி கழுத்துவரை மூழ்கிக் கிடந்தது. அதைப் பிடுங்கி அதைக்கொண்டே தோண்டிக் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறாள். திங்கள் மத்தியானம் வரைக்கும் அவனுக்கு உயிர் இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவமனை நர்ஸ் சொன்னாள். ஒன்பது மணிக்கு ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். எட்டு மணிக்கு நான் ஒரு தட்டு தட்டியிருந்தாலும் போதும்.

மற்றவர்கள் ஓடி வந்து பார்த்தபோது கார்லண்டின் சொந்த வாரி உள் வராந்தாவில் காய்ந்துபோய்ச் சாய்ந்திருந்தது. வெளியே வேறு வாரி இல்லை. அப்படியானால் திங்கட்கிழமை எந்த வாரி நின்றது என்று கேட்டார்கள். வெர்னா, "நின்னுச்சு, நான் பார்த்தேன்" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போகாமலே போனதாக எழுதியிருக்கிறாள் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் நம் வராந்தாவில் என் வாரி இருந்தது. கைப்பிடியில் நீலக் கயிறு சுற்றிய வாரி, நீதான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றிக் கொடுத்தாய். ஊரில் எல்லோருக்கும் அது யாருடையது என்று தெரியும். நான் அதைக் கொண்டுவரவில்லை டல்சி. பனியெல்லாம் துடைத்துச் சுத்தமாகச் சாத்தி வைத்திருந்தது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை. "ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்றேன். "மாமா, உங்களுக்கு எழுபத்திரெண்டு. நீங்க இந்த ஊர்லதான் சாகணும். எனக்கு வேற ஊர் கிடைக்கும்" என்றாள். நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்து அவளுக்கு மனசு இளகவில்லை, இளகியதென்று நான் உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. "உங்களுக்காகன்னு நினைச்சுக்காதீங்க. எங்கம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப உங்க வீட்டு லொரெட்டா அத்தைதான் எட்டு மாசம் வந்து குளிப்பாட்டி விட்டாங்க. அவங்களுக்காக. அக்டோபர்ல நீங்க சிரிச்சீங்களே, அது எனக்கு இன்னும் ஆறல" என்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தாள். வெளியே வந்தேன்.

சனிக்கிழமை கூட்டம் போட்டார்கள். வெர்னா முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. ஆளாளுக்கு எழுந்து கிழித்தார்கள். சொல்லிவிடுவதென்றுதான் போனேன், உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். பாதிரியார், "இனிமே பனிக்காவலுக்கு யாரு?" என்று கேட்ட நேரத்தில், அதைச் சரியாகக் காதில் வாங்காமல், பேச அனுமதி வேண்டி நான் கையைத் தூக்கி எழுந்துவிட்டேன். "பாருங்க, இந்த வயசுல நம்ம ஹேவர்ட் முன்வராரு" என்றார் அவர். கூடம் முழுக்கக் கைதட்டல். பின்னாலிருந்து யாரோ, "சிநேகிதன் சாவுக்கு நியாயம் செய்யறாருய்யா" என்றார்கள். வாயைத் திறந்தேன். கைதட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நின்றது. வெர்னா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், உன் அப்பாதான் இப்போது பனிக்காவல். போன வாரம் சின்னதாக ஒரு புயல் வந்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டினேன், வாரி நின்றாலும் தட்டினேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "உள்ள வாங்க, டீ குடிச்சுட்டுப் போங்க" என்கிறார்கள். போகிற வழியில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நிலம் இரும்பாகக் கிடப்பதால் கார்லண்டை இன்னும் புதைக்கவில்லை, பெட்டி அங்கேதான் இருக்கிறது, மே மாதம் மண் இளகினால்தான். அந்த இடம் வந்தால் வண்டியை வேகமாக விடுகிறேன்.

வெர்னா பதினாறாம் தேதி விமானத்தில் கூஸ் பேவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பை, அவ்வளவுதான். ஓடுதளத்துக்கு வழியனுப்ப யாரும் போகவில்லை. நீ இணையத்தில் எழுதிப் போட்டிருந்தாயே, "என் ஞானத்தந்தையைக் கொன்னவ கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சேன்னு நினைச்சா அருவருப்பா இருக்கு" என்று, அதை ஊரே படித்தது, அவளும் படித்தாள். உன்மேல் தப்பில்லை. நீ என்னை நம்பினாய், நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அதை இன்றே எடுத்துவிடு, எடுத்துவிட்டு அவளைக் கூப்பிடு. போனை எடுக்க மாட்டாள். எடுக்கும்வரை கூப்பிடு.

உன் அம்மாவிடம் நேற்று மத்தியானம் சொன்னேன். கத்துவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். அவள் கை நிறைய மாவோடு அப்படியே நின்றாள். "வெர்னா போறன்னிக்கு வாசல்ல வந்து நின்னா. வழிக்கு ஒரு ரொட்டி கூட எடுத்துக் குடுக்காம கதவைச் சாத்திட்டேன்" என்றாள். நேற்று ராத்திரியும் இன்று காலையும் எனக்குத் தட்டு வைத்தாள், வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். சதுப்பில் பறித்த பேக்ஆப்பிள் பழ ஜாம் பாட்டில் இரண்டைச் சுற்றி வைத்திருக்கிறாள், உனக்கு என்று நினைத்தேன், மேலே வெர்னா பெயர் எழுதியிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது வெர்னாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கார்லண்டின் குழாய் வாய் வாசலுக்கு இடப்பக்கச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கூரைப்பனி சரிந்து அதை மூடிவிட்டது என்கிறார்கள். இருக்கலாம். முக்கால் மணி நேரம் தோண்டினேனே, அந்தப் பனியையெல்லாம் எந்தப் பக்கம் வீசினேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு நினைவு வரவில்லை டல்சி. வலக்கைக்காரன் இடப்பக்கந்தான் வீசுவான். நம் வாசலில் நின்று வெறும் கையால் வீசிப் பார்த்தேன், எல்லாத் தடவையும் இடப்பக்கந்தான் போகிறது. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

உன் அறையில் அடுப்புக் குழாய் எங்கே வெளியே வருகிறது என்று போய்ப் பார், பனி இருந்தால் தள்ளிவிடு, கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார். யார் மேலாவது கோபம் இருந்தால் இருக்கட்டும், கதவைத் தட்டிவிட்டுக் கோபப்படு. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், எங்களைப்போல ஆகாமல் நீண்ட நாள் நன்றாக இரு. கார்லண்ட் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு வர வேண்டாம், உனக்கு வர வேண்டுமென்று தோன்றினால் வா. கட்டில் விரிப்பு மாற்றித்தான் இருக்கிறது.

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. தபால் நிலையத்தில் எல்லியிடம் இப்படியே கொடுக்கப்போகிறேன். ஒட்டாத உறை அவள் கைக்குப் போனால் படிக்காமல் பையில் விழாது, படித்ததை அவளால் மூன்று மணிவரை வைத்திருக்கவும் முடியாது. நாலு மணிக்கு என் கதவைத் தட்ட வருவார்கள். கூட்டத்தில் வராத தைரியம் எனக்கு இந்த அளவுக்குத்தான் வந்திருக்கிறது, அதுவும் இன்னொருத்தி வாய் வழியாக. எப்போதும் 'அப்பா' என்று மட்டும் போடுவேன். எல்லி படிக்கப் போவதால் இதற்கு முழுப்பெயர் வேண்டும்.

இப்படிக்கு,
ஹேவர்ட் ஜேம்ஸ் பை,
ஹாரோ கோவ்.